பிபிஎல்-லிலிருந்து சிபிஎல்-லுக்கு: பெங்களூரில் வார இறுதிகளில் பறப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெங்களூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தனியார் விமானி உரிமமான பிபிஎல்-ஐ ஏற்கெனவே பெற்று, வணிக விமானி உரிமமான சிபிஎல்-ஐப் பெறலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிபிஎல் வைத்திருப்பவர் ஊதியமோ கட்டணமோ பெற்றுக்கொண்டு விமானம் ஓட்ட முடியாது. சிபிஎல் அந்தத் தடையை நீக்குகிறது. விமான நிறுவனத்தில் சேரும் எண்ணம் இல்லாதவர்களுக்கும், குறிப்பாகப் பிற்காலத்தில் பயிற்றுநராக விரும்புபவர்களுக்கும், இந்த உரிமம் தேவைப்படும்.

சிபிஎல் என்றதும் எல்லோரும் 200 மணி நேரப் பறத்தலைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் வேலைக்குச் செல்பவருக்கு உண்மையான இடர் விண்ணப்பத்திற்கு முந்தைய ஆறு மாதங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே விண்ணப்பிக்கும் நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

முதல் படி: கல்வித் தகுதியும் மருத்துவப் பரிசோதனையும்

சிபிஎல் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பிபிஎல்-லுக்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால், வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த விதி இப்போதுதான் எதிர்ப்படும். அவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களையும் எழுதித் தேர்ச்சி பெறலாம்.

மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பிபிஎல்-லுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதுமானது. சிபிஎல்-லுக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். இதயத் துடிப்புப் பதிவு, செவித்திறன், பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், இரத்தப் பரிசோதனைகள் என அனைத்தும் இதில் மேலும் நுணுக்கமாகப் பார்க்கப்படுகின்றன. பழைய ஏர்போர்ட் சாலையில் இந்திய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருப்பது பெங்களூர்க்காரர்களுக்குப் பெரிய வசதி. முதல் வகுப்புப் பரிசோதனை நடைபெறும் மையங்களில் அதுவும் ஒன்று. இந்தச் சான்று கைக்கு வரும்வரை கூடுதல் பறத்தல் மணிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். தகுதியில்லை என்று பின்னர் தெரியவந்தால், அந்தச் செலவை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இரண்டாம் படி: எழுத்துத் தேர்வுகள்

இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் விமான வழிச்செலுத்தல், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிமுறைகள், தொழில்நுட்பம் (பொது), தொழில்நுட்பம் (குறிப்பிட்ட விமான வகை) ஆகிய தாள்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு பெற வேண்டும். இவற்றோடு வானொலித் தொடர்புக்கான ஆர்டிஆர் தேர்வும் உண்டு. நெடுங்காலமாகத் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த அந்தப் பொறுப்பை, 2024-ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் சட்டம் டிஜிசிஏ-விடம் ஒப்படைத்தது. ஆகவே பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து விண்ணப்ப முறையை முடிவு செய்யாதீர்கள்.

பிபிஎல் நிலையில் மேலோட்டமாகப் படித்த பாடங்களை இங்கே கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பெங்களூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் சீர்தர வெப்பநிலை, அதாவது கணக்கிற்கு அடிப்படையாகக் கொள்ளும் வெப்பநிலை, 9 டிகிரி செல்சியஸ். ஏப்ரல் பிற்பகலில் வெப்பமானி 30 டிகிரியைக் காட்டினால் வேறுபாடு 21 டிகிரி; ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் அடர்த்தி உயரம் சுமார் 5,500 அடி ஆகிறது. அதாவது, தரையில் நிற்கும்போதே உங்கள் சிறு விமானம் 5,500 அடி உயரத்துக் காற்றில் இருப்பதைப் போலத்தான் இயங்கும். ஓடுபாதையில் அதிக தூரம் ஓடிய பிறகே எழும்பும், மெதுவாகவே மேலேறும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல், பெங்களூரின் ஜக்கூர் விமானதளத்தில் ஒரு காலையிலும் ஒரு பிற்பகலிலும் புறப்பட்டு வேறுபாட்டைக் கவனித்துப் பாருங்கள். தேர்வுக்கு அதைவிடச் சிறந்த தயாரிப்பு இல்லை.

மூன்றாம் படி: மணிகளைத் திட்டமிடுதல்

மொத்தம் 200 மணி நேரத்தில் குறைந்தது 100 மணி நேரம் நீங்கள் தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் கிராஸ்-கன்ட்ரி எனப்படும் ஊர் விட்டு ஊர் செல்லும் பறத்தலாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10 மணி நேரம் வேண்டும். அதில் ஐந்து மணி நேரம் வரை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் இருக்கலாம். இரவில் ஐந்து மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இரவிலேயே பத்து முறை ஏறி இறங்கியிருக்கவும் வேண்டும்.

இங்கேதான் பொழுதுபோக்காகப் பறப்பவர்களின் பழக்கம் குறுக்கே நிற்கிறது. நண்பர்களை ஏற்றிக்கொண்டு விமானதளத்தைச் சுற்றியே பறக்கும் ஒரு மணி நேரம் தலைமை விமானிக் கணக்கில் சேருமே தவிர, வேறெந்த நிபந்தனையையும் நிறைவேற்றாது. அதே நேரத்தை இன்னோர் ஊருக்குச் சென்று இறங்கித் திரும்பச் செலவிட்டால் இரண்டு நிபந்தனைகளுக்கு உதவும். ஜக்கூரைச் சுற்றி எலகங்கா விமானப்படைத் தளம், தேவனஹள்ளி பன்னாட்டு விமான நிலையம், எச்ஏஎல் விமான நிலையம் ஆகியவை இருப்பதால் வான்வெளி நெருக்கமானது. அதிலிருந்து அனுமதி பெற்று வெளியேறுவதே நல்ல பயிற்சிதான்.

கிராஸ்-கன்ட்ரிப் பறத்தல்களில் ஒன்றாவது 300 கடல் மைலுக்குக் குறையாமலும், வழியில் இரண்டு வெவ்வேறு விமானதளங்களில் இறங்கி முழுவதுமாக நின்றும் செய்யப்பட வேண்டும். வரைபடத்தில் நீண்டதாகத் தெரியும் பாதை போதும் என்று நம்பிவிடக் கூடாது. ஜக்கூர், சேலம், மைசூர், மீண்டும் ஜக்கூர் என்று நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 245 கடல் மைல்தான் வருகிறது. மைசூருக்குப் பதிலாகப் புதுச்சேரியைச் சேர்த்து ஜக்கூர், புதுச்சேரி, சேலம், ஜக்கூர் என்று மாற்றினால் சுமார் 330 கடல் மைல் கிடைக்கும். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் மூன்று மணி இருபது நிமிடப் பயணம், காற்றைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். எந்தப் பாதையாக இருந்தாலும் அனுமதி, எரிபொருள், விமானதளம் திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பறத்தல் பதிவேடான லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். பறத்தலுக்காக விமானம் தன் சொந்த விசையால் நகரத் தொடங்கியதிலிருந்து, பறந்து முடித்து நிற்பது வரை உள்ள நேரமே கணக்கு. இரவு என்பதற்கும் வரையறை உண்டு: சூரியன் மறைந்து அரை மணி கழித்துத்தான் இரவு தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் பெங்களூரில் மாலை 6:40 அளவில் சூரியன் மறைகிறது. 7:10-க்கு முன் இறங்கிவிட்டால் வானம் எவ்வளவு இருண்டிருந்தாலும் அதை இரவுப் பறத்தலாக எழுத முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் பறந்த மணிகள் உங்கள் லாக்புக்கில் இருந்தால், அவற்றை நடப்பு விதியின் வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மொத்தத்தில் சேருங்கள்.

நான்காம் படி: கடைசி ஆறு மாதங்கள்

தலைமை விமானியாகப் பறந்த மணிகளில் 15, விண்ணப்பத்திற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பகல், இரவு இரண்டிலும் பொதுப் பறத்தல் தேர்வு, பகலில் 250 கடல் மைல் கிராஸ்-கன்ட்ரித் தேர்வு, இரவில் வேறெங்கும் இறங்காமல் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் 120 கடல் மைல் தேர்வு ஆகியனவும் அதே ஆறு மாதங்களுக்குள் அமைய வேண்டும். சனி, ஞாயிறுகளை மட்டும் நம்பினால், ஒரு மழைக்காலமும் ஒரு விமானப் பழுதும் சேர்ந்து இந்தக் காலத்தை விழுங்கிவிடும். அதற்குள் முதலில் முடித்த தேர்வு காலாவதியாகி, அதை மீண்டும் செய்ய வேண்டிய நிலை வரும்.

எனவே இந்தக் கட்டத்திற்காகவே அலுவலக விடுப்பைச் சேர்த்து வையுங்கள். தொடர்ச்சியான சில வாரங்கள் கிடைத்தால் மிகவும் நல்லது. ஏப்ரல், மே பிற்பகல்களின் இடிமழையையும் தென்மேற்குப் பருவமழையையும் தவிர்த்து, நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை திட்டமிடுவதையே நான் பரிந்துரைப்பேன். இரவுப் பறத்தல் எல்லா விமானதளங்களிலும் நடைபெறுவதில்லை. ஓடுபாதை விளக்குகள் உள்ள தளத்திற்கு உங்கள் பயிற்சி நிலையம் விமானத்தைக் கொண்டுசெல்லுமா, எத்தனை நாட்களுக்கு ஒரு முறை அது நடக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். முழுத் தொகையையும் ஒரே தவணையில் கேட்கும் நிலையத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

டிஜிசிஏ-வின் இஜிசிஏ இணையதளத்தில் தேர்வு முடிவுகள், மருத்துவச் சான்று, வானொலி உரிமம், ஆங்கிலத் திறனில் குறைந்தது நான்காம் நிலைக்கான சான்று, சரிபார்க்கப்பட்ட பறத்தல் மணிகள் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயரை முன்னெழுத்தாக எழுதும் நம் வழக்கத்தால் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது சாதாரணம்.

2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்திற்குப் பிறகு சிபிஎல் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் நாற்பது வயதுக்குட்பட்டவருக்கும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று பன்னிரண்டு மாதங்களே செல்லுபடியாகும். அது காலாவதியான நாளிலிருந்து உரிமத்தின் சலுகைகளைப் பயன்படுத்த முடியாது என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியை இரண்டு மாதங்களுக்கு முன்பே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.