ஆல்ஃபா வந்தால் போதாது: வினாநிரலைச் சரிபார்க்கும் வரிசை

"கிரான்பாக் ஆல்ஃபா 0.85, எனவே கருவி ஏற்புடையது" என்ற வரி ஆய்வேடுகளில் அடிக்கடி வரும். அந்த "எனவே" தவறு. வினாக்களுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்ஃபா என்ற எண் காட்டுகிறது; எதை அளக்கின்றன என்பதை அல்ல. ஆகவே முதலில் ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளக்கிறதா), பிறகு நம்பகத்தன்மை (சீராக அளக்கிறதா).

அளக்கப்போவதை இரண்டு வரிகளில் வரையறுங்கள். அதில் சேராததையும் எழுதுங்கள்: எடுத்துக்காட்டாக, தேர்வுப் பதற்றத்தை அளக்கும் வினாநிரலில் பொதுவான கவலை சேராது. தேவைக்கு இரண்டு மடங்கு வினாக்கள் எழுதுங்கள், பாதி உதிர்ந்துவிடும். "தேர்வுக்கு முன் எனக்குத் தூக்கமும் பசியும் குறையும்" போன்ற இரட்டை வினா வேண்டாம். தூக்கம் மட்டும் குறைபவர் எதைக் குறிப்பார்?

அடுத்து வல்லுநர் கருத்து: ஒவ்வொரு வினாவும் இன்றியமையாததா என்று துறை வல்லுநர் குழுவிடம் கேளுங்கள். இதற்கு உளவியலாளர் லாஷே 1975இல் தந்த கணக்கு எளிது: "இன்றியமையாதது" என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து குழுவின் பாதியைக் கழித்து, அதே பாதியால் வகுக்க வேண்டும். 10 பேரில் 8 பேர் சொன்னால் 0.60. அவரது அட்டவணையில் 10 பேருக்கான குறைந்தபட்சம் 0.62. வினா தேறாது, 9 பேர் வேண்டும்.

பிறகு, விடையளிக்கப்போகிறவர்களைப் போன்ற ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு வினாவையும் வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். மொழிபெயர்த்த வினாநிரலுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது.

சிறு குழுவிடம் நடத்திய முன்னோட்டத்தின் தரவு கையில் வந்ததும் எதிர்மறை வினாக்களின் (ஒப்புக்கொண்டால் பதற்றம் குறைவு என்று பொருள்படும் வினாக்களின்) மதிப்பெண்ணைத் திருப்புங்கள். 1 முதல் 5 வரையான அளவுகோலில் 6இலிருந்து கழித்தால் போதும். ஆல்ஃபா திடீரென விழுந்தாலோ, ஒரு வினாவுக்கும் மற்ற வினாக்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) எதிர்க்குறியில் வந்தாலோ, முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். திருப்பிய பிறகும் அந்த ஒட்டுறவு 0.3க்குக் கீழே இருந்தால் வினாவைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். ஆனால் ஆல்ஃபாவை உயர்த்துவதற்காக, வரையறைக்குத் தேவையான வினாவை வெட்டாதீர்கள்.

ஆல்ஃபாவுக்குக் குறைந்தபட்சம் 0.7 என்ற எல்லை வழக்கம்தான், சட்டமல்ல. வினாக்கள் பெருகினால் ஆல்ஃபா தானாக ஏறும்: நம்பகத்தன்மை 0.60 உள்ள கருவியில் அதே தர வினாக்களை இரட்டித்தால் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி 0.75 ஆகிவிடும். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே வினாவைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்கிறீர்களா என்று பாருங்கள்.

அதே நபர்களிடம் வினாநிரலை மீண்டும் கொடுக்கும் மறுசோதனைக்கு இரண்டு வார இடைவெளி பெரும்பாலும் சரிப்படும். குறைந்தால் பழைய விடை நினைவில் நிற்கும். மிக நீண்டால் நிலையே மாறியிருக்கும். தேர்வு நெருங்க நெருங்கப் பதற்றம் கூடும் என்பதால், இரண்டு சுற்றுக்கும் இடையில் தேர்வு வராத காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, தொடர்புடைய வேறொரு கருவியோடு ஒட்டுறவு பாருங்கள். அது குறைவாக வந்தால் கோட்பாட்டைக் குறைசொல்லும் முன் இரு கருவிகளின் நம்பகத்தன்மையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். இரண்டும் 0.5 என்றால், உண்மையான தொடர்பு முழுமையாக இருந்தாலும் எதிர்பார்க்கக்கூடிய ஒட்டுறவு 0.5தான்.