லேப்டாப்பில் ஓடும் டெஸ்ட் டாக்கரில் இம்போர்ட்டிலேயே விழுந்தால்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எடைக் கணக்கு போடும் பைத்தான் ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் 'மண்டி' என்ற பேக்கேஜ், அதற்கு வெளியே 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டர். லேப்டாப்பில் எல்லாம் பாஸ். டாக்கர் கன்டெய்னரில் (ப்ராஜெக்டைத் தனியாக ஓட்டும் லினக்ஸ் சூழல்) பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியை ஓட்டினால் 'மண்டி' கிடைக்கவில்லை என்கிறது.

முதலில் எரரின் கடைசி வரியைப் படியுங்கள். 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்றால் தேடிய இடத்தில் மாட்யூலே இல்லை. 'கேனாட் இம்போர்ட் நேம்' என்றால் மாட்யூல் கிடைத்துவிட்டது, உள்ளே அந்தப் பெயர்தான் இல்லை. பெரும்பாலும் இரண்டு ஃபைல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்துகொண்டிருக்கும். காணாமல் போனது வெளி லைப்ரரி என்றால், டெஸ்டுக்கான ரிக்வயர்மென்ட்ஸ் (தேவையான லைப்ரரிகளின் பட்டியல்) இமேஜில், அதாவது கன்டெய்னர் உருவாகும் அச்சில், இன்ஸ்டால் ஆகவில்லை.

உங்கள் சொந்த பேக்கேஜ்தான் காணோம் என்றால் பிரச்சினை தேடும் பாதையில். பைசார்ம் போன்ற எடிட்டர்கள் சோர்ஸ் ஃபோல்டரைத் தாங்களே பைத்தான்பாத்தில் (பைத்தான் கூடுதலாகத் தேட வேண்டிய ஃபோல்டர்கள்) சேர்த்துவிடும். கன்டெய்னருக்கு அந்த உபகாரம் செய்ய ஆள் இல்லை. விழும் டெஸ்ட் ஃபைலின் முதல் வரியிலேயே, பைத்தான் உண்மையில் தேடும் இடங்களின் பட்டியலான 'சிஸ் டாட் பாத்'தை பிரின்ட் செய்யுங்கள். கன்டெய்னருக்குள் பைத்தான் ப்ராம்ப்டைத் திறந்து சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்: ப்ராம்ப்ட் நிற்கும் ஃபோல்டரையும் சேர்த்துத் தேடும், வெறும் 'பைடெஸ்ட்' கட்டளை அப்படிச் சேர்ப்பதில்லை. 'பைத்தான் -எம் பைடெஸ்ட்' என்று ஓட்டினால் சேரும். ஆனால் நம் 'மண்டி' எஸ்ஆர்சிக்குள் இருப்பதால் அதுவும் போதாது.

பைடெஸ்ட் 7.0 முதல் செட்டிங்ஸில் 'பைத்தான்பாத்' என்ற வரி உண்டு. அதில் எஸ்ஆர்சியைக் கொடுங்கள். பேக்கேஜிங் ஃபைல் இருந்தால், இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலிலேயே எடிட்டபிள் முறையில் (கோடு இருக்கும் இடத்திலிருந்தே படிக்கும்படி) பிப் இன்ஸ்டால் செய்வது இன்னும் உறுதியானது. ஒவ்வொரு டெஸ்டிலும் பாத்தை கையால் சொருகுவது ஒட்டுப்போடும் வேலை.

பாதை சரியாக இருந்தும் விழுகிறதா? விண்டோஸில் ஃபைல் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸில் வேறு வேறு. பெயரை 'கிட் எம்வி' கொண்டு மாற்றுங்கள், எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால் கிட் கவனிக்காமல் விட்டுவிடலாம்; அப்போது கிட்டிலிருந்து எடுத்து பில்டு செய்யும் கன்டெய்னருக்குப் பழைய பெயரே போகும். அடுத்து வால்யூம் மவுன்ட் (லேப்டாப் ஃபோல்டரை கன்டெய்னருக்குள் இணைப்பது): இமேஜின் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகள் இன்ஸ்டால் ஆகும் தனி ஃபோல்டர்) வைத்திருந்தால், மவுன்ட் அதன்மேல் போர்வைபோல் விழுந்து மறைத்துவிடும். அதை ப்ராஜெக்டுக்கு வெளியே வையுங்கள். 'இம்போர்ட் ஃபைல் மிஸ்மேட்ச்' வந்தால் பெரும்பாலும் லேப்டாப்பின் பைகேஷ் ஃபோல்டர்கள் (பைத்தான் கம்பைல் செய்து வைத்த ஃபைல்கள்) உள்ளே வந்திருக்கும். அழித்துவிட்டு, இமேஜுக்குள் போகக்கூடாதவற்றின் பட்டியலான டாக்கர்இக்னோரில் சேருங்கள். அதே டாக்கர்இக்னோரில் 'டெஸ்ட்ஸ்' இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

எல்லாம் திருத்தியும் பழைய எரரே வந்தால், 'டாக்கர் கம்போஸ் ரன்' பழைய இமேஜைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும். 'கம்போஸ் பில்டு' கொடுங்கள். கிருஷ்ணகிரியில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் 'நோ கேஷ்' பக்கம் போக வேண்டாம், லைப்ரரி மொத்தமும் மறுபடி இறங்கும். டாக்கர்ஃபைலில் ரிக்வயர்மென்ட்ஸை முதலில் காப்பி செய்து இன்ஸ்டால் முடித்த பிறகு சோர்ஸ் கோடை காப்பி செய்தால், கோடு மாறும்போது கடைசி லேயர்கள் மட்டுமே மறுபடி பில்டு ஆகும்.