சேம்பர் மாட்டியாச்சு, ஜெட்டை மறந்தாச்சு

யமஹாவின் பழைய இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்டி 350-க்கு, சைலன்சரை எடுத்துவிட்டு எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டியவர்கள் முதல் நாள் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, வண்டி பறக்குதுங்ணா." பறக்கத்தான் செய்யும். காற்று கூடி பெட்ரோல் குறைந்துபோன டூ-ஸ்ட்ரோக், ஜாம் ஆவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அருமையாகவே ஓடும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்து "கார்புரேட்டரில் கை வைக்கத் தேவையில்லை போல" என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு, மிச்சத் தவறுகள் பலவும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சேம்பர் என்பது வெறும் காலிக் குழாய் இல்லை. நடுவில் அகன்று, பின்னால் குறுகும். வெளியே போகும் அழுத்த அலை அந்தக் குறுகிய கூம்பில் மோதித் திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. ஆனால் இது எல்லா வேகத்திலும் நடப்பதில்லை, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேலேதான். அதனால் ஸ்லோவில், அதாவது முறுக்காமல் விட்டால், அழகாக நிற்கும், டவுனுக்குள் ஒரு குறையும் தெரியாது, ஹைவேயில் முழுசாக முறுக்கும்போது மட்டும் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் பத்தாது. "ஸ்லோ நல்லா நிக்குதே" என்பது, முழுசாக முறுக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைப் பற்றி எதையுமே சொல்லாது.

ஜெட் வாங்க ஓடுவதற்கு முன் காற்று எங்கேயாவது திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் இத்தனை வருஷத்தில் கல்லாகி, வெளியே தெரியாமல் மடிப்புக்குள் வெடித்திருக்கும். இன்ஜினை ஸ்லோவில் விட்டு, சூடான சேம்பர் பக்கம் படாமல், அந்த ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடித்தால் போதும். சத்தம் மாறினால் ஓட்டை உறுதி. கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல் போயிருந்தாலும் இதே தொல்லைதான். அப்புறம் சேம்பர் சிலிண்டரில் சேரும் இடம்: அங்கே கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தால் கேஸ்கெட் உட்காரவில்லை என்று அர்த்தம். ஆர்டியில் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று தீர்மானிக்கும் பாயிண்ட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. ஒன்று தேய்ந்து டைமிங் தள்ளிப் போயிருந்தால், அதை கார்புரேட்டர் கோளாறு என்றே நினைத்து நாள் கணக்கில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் முடிக்காமல் ஜெட் மாற்றினால், ஓட்டைக்கு ஏற்ற மாதிரி ஜெட் போட்ட கதையாகிவிடும்.

கோயம்புத்தூரில் திரும்பிய பக்கமெல்லாம் லேத் இருப்பது நல்ல வசதிதான், ஆனால் ஜெட் விஷயத்தில் அதுவே வம்பு. "ஒரு சைஸ் பெருசு பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால் யாராவது துளையைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார்கள். கார்புரேட்டர் செய்யும் மைக்குனி கம்பெனியின் அறுகோண மெயின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் பெட்ரோல் எவ்வளவு பாய்கிறது என்பதற்கானது, துளையின் உள்வழவழப்பும் வாய்ச் சரிவும் சேர்ந்துதான் அந்த எண். டிரில் விட்டதும், பின்னூசி விட்டுக் குத்தியதும் அந்த எண்ணை இழந்துவிட்டன, அடுத்து எதை மாற்றினாலும் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது. ஜெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். இப்போது இருப்பதற்கு மேலே நாலைந்து சைஸ் வரிசையாகக் கையில் இருக்கட்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது: ரிச் பக்கத்திலிருந்து, அதாவது பெட்ரோல் கூடுதலான பக்கத்திலிருந்துதான். இருக்கும் மெயின் ஜெட்டை விட இரண்டு மூன்று சைஸ் பெரிதாகப் போட்டு, முழு திராட்டிலில் வண்டி கரகரவென்று திணறுவதை முதலில் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சைஸாக இறங்குங்கள். திணறல் எந்த ஜெட்டில் நிற்கிறதோ அதற்கு ஒன்று மேலே போட்டு நிறுத்திக்கொள்ளலாம். ரிச்சாக ஓடினால் பிளக்கில் கரி பிடிக்கும், புகை வரும், அவ்வளவுதான். லீனாக ஓடினால் பிஸ்டன் போகும், சிலிண்டரைக் குடைந்து போர் போட வேண்டும், அந்த சைஸில் பிஸ்டன் கிட் தேடி அலைய வேண்டும்.

எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமலே மெயின் ஜெட்டை மாற்றுவது இன்னொரு வழக்கம். திராட்டில் பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று மார்க்கரில் கோடு போடுங்கள், சுவிட்ச் பெட்டியில் ஒரே ஒரு கோடு. திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று ஓட்டும்போதே தெரிந்துவிடும். கால் வரை ஸ்லோவுக்கான சின்ன ஜெட்டான பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதை ஒட்டி, கேபிள் தூக்கும் ஸ்லைடின் வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில், அதற்கு மேலே மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். திணறும் இடத்திலேயே பிடியை நிறுத்தி பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள்: தெளிந்தால் லீன், மோசமானால் ரிச்.

நீடிலில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். நீடிலை ஸ்லைடில் நிறுத்தும் கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். கிளிப்பை மேலே ஏற்றினால் லீன். ஏர் ஸ்க்ரூவும் அப்படித்தான்: ஆர்டி, ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் அது காற்றை அளக்கும் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் சில ஃபோர்-ஸ்ட்ரோக் கார்புரேட்டர்களில் இது அப்படியே நேரெதிர். ஏர் ஸ்க்ரூ இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே வந்தால்தான் ஸ்லோ சரியாகிறது என்றால் பைலட் ஜெட் பெரிது, ஒரு சுற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டால் சிறிது.

பிளக் பார்ப்பதிலும் அவசரம். ஸ்லோவில் வீடு வரை உருட்டி வந்து கழற்றினால் அது ஸ்லோவின் நிறத்தைத்தான் காட்டும். புது பிளக் போட்டு, தாராபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும் மாதிரி நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், விடியற்காலையில், மூன்றாவது கியரில் முழுசாக முறுக்கி ஓட்டுங்கள். மெயின் ஜெட்டுக்கு எந்த கியர் என்று தெரியாது, டாப்பில் 120 போக வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே இக்னிஷனை ஆஃப் செய்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். பீங்கானின் அடியில், உள்ளே ஆழத்தில் தெரியும் வளையம்தான் முக்கியம். இளம் பழுப்பு நல்லது, வெள்ளை ஆபத்து.

ஒரே நாளில் சேம்பரும் மாட்டி, ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்து, கார்புரேட்டர் வாயிலேயே செருகும் பாட் ஃபில்டரும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே லீன் பக்கம் தள்ளும். போதாக்குறைக்கு ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கும்போது, திறந்த ஃபில்டர் உள்ள வண்டி ஒரு நேரம் ஒரு மாதிரி இழுக்கும். ஒன்றை மாற்றுங்கள், சரி செய்யுங்கள், பிறகு அடுத்தது.

இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் ஊட்டும் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். "சேஃப்டிக்குக் கொஞ்சம் கூடவே ஊத்திக்கலாம்" என்று எண்ணெயைக் கூட்டினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது, அதாவது லீன். கலவை அளவை முதலில் முடிவு செய்து, அதற்குத்தான் ஜெட் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் லீன் பக்கம்தான் தள்ளுகிறது, பழைய ரப்பர்களையும் கெடுக்கிறது.

ஆர்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கார்புரேட்டரும் ஸ்லைடை ஒன்றாகத் தூக்குகின்றனவா என்பதைக் காதால் முடிவு செய்யாதீர்கள். ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி, ஒரே அளவான இரண்டு டிரில் பிட்டின் வழவழப்பான முனைகளை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் செருகி, இரண்டும் ஒரே பிடிமானத்தில் நிற்கும்வரை ஸ்லோ ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். பிறகு கேபிளை இழுத்து, இரண்டும் மேல்விளிம்பை ஒரே நேரத்தில் தாண்டுகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பம்ப் இருக்கும் வண்டியில் பம்ப் கேபிளின் குறியையும் இதன் பிறகு சரிபார்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க. கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டி சுமார் 2,240. மேலே காற்று மெலிவதால் கீழே சரியாக இருந்த வண்டி அங்கே ரிச் ஆகிப் புகைக்கும், மந்தமாக இழுக்கும். அதற்காக அங்கேயே ஜெட்டைக் குறைத்துவிட்டு அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி வந்து முறுக்கினால் சோலி முடிந்தது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை இறக்கத்தில் திராட்டிலை முழுசாக மூடி கியரிலேயே இறங்குவதும், எண்ணெய் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகாது. ஆர்பிஎம் மேலே இருக்கும், பெட்ரோல் போகாது, அதோடு எண்ணெயும் போகாது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே இறங்குங்கள்.

கழற்றிய பழைய ஜெட்டுகளை எண் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, ஒரிஜினல் சைலன்சரோடு பரணில் வைத்துவிடுங்கள். சேம்பர் சத்தத்துக்குப் போலீஸ் பிடித்து, மறுபடி பழைய சைலன்சர் மாட்டும் நாளில் ஜெட்டும் பழையதுதான் போட வேண்டும், இல்லையென்றால் வாரம் ஒரு பிளக் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.