293318625600: ஒரு பெரிய எண்ணின் காரணிகளைக் கையாலேயே எண்ணும் முறை

293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். தம்மைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைப் பெற்ற எண்களை ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையில் பட்டியலிட்டார். அப்பட்டியலில் இருந்திருக்க வேண்டிய இந்த எண் அதில் விடுபட்டுப்போயிற்று.

முதல் படி, எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிப்பது. கடைசி இரண்டு பூச்சியங்கள் 100-ஐ, அதாவது 2² × 5²-ஐத் தருகின்றன. எஞ்சிய 2933186256-ஐ நான்கு முறை பாதியாக்கினால் 183324141 என்னும் ஒற்றைப்படை எண் வருவதால், 2-இன் அடுக்கு மொத்தம் 6 ஆகிறது. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 27. ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 20369349. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 36. மீண்டும் 9-ஆல் வகுக்க 2263261 கிடைக்கிறது. இதன் கூட்டுத்தொகை 22 என்பதால் 3-க்கு இனி இடமில்லை.

அடுத்து 7-ஆல் வகுத்தால் கிடைப்பது 323323. இங்கே அவசரப்பட்டு 7, 11, 13 என்று வரிசையாக வகுக்கத் தொடங்க வேண்டாம். 323 இருமுறை எழுதப்பட்டிருப்பதால் இது 323 × 1001 என்பது பார்த்தவுடனே தெரியும். 1001 = 7 × 11 × 13; 323 என்பது 18²-இல் ஒன்று குறைவு, ஆகவே 17 × 19. என்னைக் கேட்டால், கணக்கின் மிக அழகான இடம் இதுவே.

எனவே நம் எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

இரண்டாம் படி, எண்ணுவது. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒருமுறைகூடச் சேர்க்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை சேர்க்கலாம். ஆக ஏழு வழிகள். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டுவது இதனால்தான். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இவற்றில் 2-ஐச் சேர்க்காத ஒற்றைப்படைக் காரணிகள் 720.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என எங்கும் ஏறாமல் வருவதைக் கவனியுங்கள். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், அதைச் சிறிய பகா எண்ணின் அடுக்குடன் இடம் மாற்றி, காரணிகளின் எண்ணிக்கை குறையாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். ஆகவே ராமானுஜன் தேடிய வகை எண்களில் இந்த ஒழுங்கு கட்டாயம். ஆனால் ஒழுங்கு மட்டும் போதாது: 16 = 2⁴ என்பதற்கு ஐந்து காரணிகள், அதைவிடச் சிறிய 12-க்கோ ஆறு.