நியூ ஆர்லியன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் கார்

நீண்ட வார இறுதி நெருங்கினால் ஹூஸ்டனில் இருக்கும் எனக்குத் தொலைபேசி வந்துவிடும். "நியூ ஆர்லியன்ஸ் போகிறோம், என்ன பார்க்கலாம்?" அதற்கு இணையமே போதும். தொப்பி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லவும் நான் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதிதாகப் போகிறவர்கள் அதே குழியில் விழுவதைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

காரை விட்டு இறங்காமல் இருப்பது

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் ஐந்தரை, ஆறு மணி நேரப் பயணம். ஆம்ட்ராக் ரயில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. எனவே காரில் போவதில் குற்றமில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் அதையே கட்டிக்கொண்டு அலைவதுதான் குற்றம்.

நகரின் பழைய மையமான பிரெஞ்சு குவார்ட்டரின் தெருக்கள் 1721-ல் திட்டமிடப்பட்டவை. குதிரை வண்டிக்குப் போதுமான அகலம், அவ்வளவுதான். பகலில் ராயல் தெருவின் ஒரு பகுதியிலும் இரவில் போர்பன் தெருவிலும் வாகனங்களை விடமாட்டார்கள். மற்றவை பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மறுபடி முழுச் சுற்று.

நண்பரின் தங்கை குடும்பத்தோடு போனபோது அவருடைய கணவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "அண்ணா, மெட்டரியில் ஹோட்டல் பாதி விலை. பார்க்கிங்கும் இலவசம்." மெட்டரி ஒரு புறநகர். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அறையில் மிச்சம் பிடித்ததை முதல் நாளே ஊருக்குள் வாகன நிறுத்துமிடம் வாங்கிக்கொண்டது. மறுநாள் பணம் கொடுக்க மனமில்லாமல், குவார்ட்டரை ஒட்டிய ஒரு தெருமுனையில் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அந்த ஊரில் தெருமுனையிலிருந்து 20 அடிக்குள்ளும், தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள்ளும் நிறுத்தக் கூடாது. எல்லா முனையிலும் அதற்குப் பலகை வைத்திருக்க மாட்டார்கள். திரும்பி வந்தால் வண்டி இல்லை. அபராதம், இழுவைக் கட்டணம், போய் மீட்க டாக்ஸி. செலவழிந்த பணத்தில் நால்வரும் ஊரின் பேர்பெற்ற உணவகமான கமாண்டர்ஸ் பேலஸில் உட்கார்ந்து மதிய உணவே சாப்பிட்டிருக்கலாம்.

பணம் போகட்டும். எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் வேறு. ஃபிரெஞ்ச்மென் தெருவில் இசை களைகட்டுவதே இரவு ஒன்பது மணிக்குமேல்தான். இவர்களோ, இருட்டில் மெட்டரிவரை ஓட்ட வேண்டுமே என்று ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள். ஜாஸ் பிறந்த ஊரில் ஒரு பாட்டுக்கூடக் காதில் விழாமல் வீடு வந்து சேர்ந்து, "ஊர் சுமார்தான் அண்ணா" என்று மதிப்பெண் வேறு போட்டார் அந்த மனிதர்!

மார்டி க்ரா என்னும் ஊர்வலத் திருவிழாக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பெரிய ஊர்வல வண்டிகள் 1970-களிலிருந்து குவார்ட்டருக்குள் வருவதில்லை; அவற்றின் முக்கியப் பாதை செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ. ஊர்வலத்துக்கு முன்பே அந்தப் பாதையில் நிற்கும் வண்டிகளைத் தூக்கிவிடுவார்கள். மழையும் ஒரு தொல்லை. ஊரில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெய்யும் நீரைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். பெருமழை கொட்டினால் உள்ளூர்க்காரர்கள் வண்டியைச் சாலை நடுவிலுள்ள மேட்டில் ஏற்றி நிறுத்துவார்கள். வெளியூர்க்காரரின் வண்டி தண்ணீரில் நிற்கும்.

ஆகவே, குவார்ட்டரிலோ அதையொட்டியோ அறை எடுங்கள். பார்க்கிங் கட்டணத்தை அறை வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். இருக்கையில் ஒரு பையைக்கூட விடாமல் இறக்கிவிட்டு, ஊருக்குத் திரும்பும் நாள்வரை சாவியை மறந்துவிடுங்கள். கேனல் தெருவிலிருந்து எஸ்பிளனேட்வரை குவார்ட்டரை நீளவாக்கில் நடந்து கடக்க இருபது நிமிடம் போதும். தொலைவாகப் போக டிராம் இருக்கிறது. 1835-ல் தொடங்கிய செயின்ட் சார்ல்ஸ் தடம், உலகில் இடைவிடாமல் ஓடும் டிராம் தடங்களிலேயே மிகப் பழையது. டிக்கெட் ஒன்றேகால் டாலர். ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓக் மர நிழலில் மாளிகைகளைப் பார்த்தபடி போகலாம். கமாண்டர்ஸ் பேலஸுக்கும் அதே டிராம்தான்: வாஷிங்டன் அவென்யூவில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும்.

போர்பன் தெருவோடு ஊர் முடிந்தது என்று நினைப்பது

மதுக்கடைகள் நிறைந்த தெரு அது. ஒருமுறை நடந்து பாருங்கள். போதும்.

கும்போவில் கறி இல்லையென்றால் சைவம் என்று நம்புவது

மாவை எண்ணெயில் பழுப்பேற வறுத்துச் செய்யும் குழம்பு கும்போ. வெண்டைக்காய் மிதப்பதைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் கோழி எலும்போ இறால் ஓடோ வெந்த சாறுதான் அதற்கு அடிப்படை. திங்கட்கிழமைகளில் ஊரெங்கும் கிடைக்கும் சிவப்பு பீன்ஸ் சோறும் அப்படியே; பன்றி எலும்பு போட்டு வேகவைப்பார்கள். புனித வியாழனன்று பரிமாறும் கீரைக் கும்போவைக்கூட நம்ப முடியாது. டூக்கி சேஸ் உணவகத்தின் புகழ்பெற்ற கீரைக் கும்போவில் கோழியும் சாஸேஜும் உண்டு. "கறி இருக்கிறதா?" என்று கேட்டால் துண்டுகளைப் பற்றிக் கேட்பதாக நினைத்து இல்லை என்பார்கள். எந்தச் சாற்றில் வெந்தது என்று கேளுங்கள்.

பன்றி, மாடு மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குக் கவலை குறைவு. போ-பாய் என்னும் உள்ளூர் சாண்ட்விச்சில் இறால் போ-பாய் இருக்கிறது, வறுத்த சிப்பி போ-பாய் இருக்கிறது. கஃபே டு மோண்டில் சிக்கரி கலந்த பால் காபியும், சர்க்கரைத் தூள் தூவிய எண்ணெய்ப் பலகாரமான பென்யேயும் யாரும் சாப்பிடலாம். சிக்கரி நமக்குப் புதிதும் அல்ல. ஜாக்சன் சதுக்கத்துக் கடையில் வரிசை நீண்டிருந்தால் சிட்டி பார்க்கிலும் அவர்களுக்கு ஒரு கடை உண்டு. அங்கேயும் டிராம் போகிறது.

பென்யேயைக் கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள். சர்க்கரைத் தூள் முழுக்க மேல்சட்டையில்.

அரைக்கால் சட்டையோடு விருந்துக்குப் போவது

1905-லிருந்து நடக்கும் கலட்வாஸ் (Galatoire's) உணவகத்தில் மாலையில் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம். முன்பதிவும் செய்துகொள்ளுங்கள்.

"உன் ஷூவை எங்கே வாங்கினாய் என்று சொல்லட்டுமா?"

தெருவில் யாராவது இப்படிப் பந்தயம் கட்ட வந்தால் அது பணம் பறிக்கும் தந்திரம். பதில் சொல்லாதீர்கள். நடந்துகொண்டே இருங்கள்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்பது

முதலாம் எண் செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டத்துக்குள் 2015 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் போக முடியும். வூடூ என்னும் மாந்திரீக வழிபாட்டின் ராணி மரி லாவோவின் கல்லறை எனப்படுவதன்மீது யாரோ இளஞ்சிவப்புச் சாயம் பூசிவைத்தது உட்படச் சேட்டைகள் எல்லை மீறிய பிறகு வந்த கட்டுப்பாடு இது. முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள்.

பண்ணை மாளிகையைப் படப்பிடிப்புத் தளமாக்குவது

ஓக் ஆலி பண்ணையின் இரட்டை வரிசை மரங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாளிகைகளைத் தாங்கிய கரும்பு வயல்களில் உழைத்தவர்கள் அடிமைகள். ஒரே ஒரு பண்ணைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் விட்னிக்குப் போங்கள். 2014-ல் திறந்த அந்த அருங்காட்சியகம் மாளிகைக்காரர்களின் கதையைவிட அடிமைகளின் கதையைத்தான் முன்னால் வைக்கிறது. நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்றுலா பஸ் உண்டு, இதற்கும் கார் வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.