1870 என்னை அலையவிட்ட கதை

பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஆனரின் பழைய பதக்கம் ஒன்று வாங்கினேன். நடுவட்டத்தில் 1870 என்று இருந்தது. அந்த ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் கொடுத்தது என்று நம்பி நான்கு நாள் அந்தப் போர் வரலாற்றையே புரட்டினேன். ரிப்பனைப் பார்த்தேன், எல்லாக் காலத்திலும் அதே சிவப்புதான், அதிலிருந்து காலம் தெரியவில்லை.

அப்புறம்தான் பிடிபட்டது. அது வழங்கிய ஆண்டல்ல, பிரான்சில் மன்னராட்சி போய் மூன்றாம் குடியரசு பிறந்த ஆண்டு. 1951இல் எடுக்கும்வரை அந்த எண் பதக்கத்தில் இருந்தது. உச்சியில் மன்னராட்சிக் காலக் கிரீடத்துக்குப் பதில் இலை வளையம் இருந்ததும் இதோடு பொருந்தியது.

பலர் தவறவிடுவது ரிப்பன் கோக்கும் வளையத்தை. பத்து மடங்கு லென்ஸில் அங்கே காட்டுப்பன்றித் தலை முத்திரை தெரிந்தது: சிறு வெள்ளிப் பொருள்களுக்குப் பாரிஸில் இட்ட அடையாளம். பாலிஷ் போட்டால் இது தேய்ந்துவிடும், துணியால்கூடத் தேய்க்காதீர்கள். பெட்டிச் சீட்டில் "1870–1951, வெள்ளி" என்று எழுதியபின்தான் நிம்மதி.