பழைய படகுக்குப் புது மோட்டார்: நான் அளவெடுத்த கதை

பவானிசாகர் அணையில் வலை போடும் என் 14 அடி ஃபைபர் படகில், பழைய 8 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் போன ஆடியில் நின்றுவிட்டது. பிஸ்டன் இறுகி, சிலிண்டரில் ஆழமாகக் கீறல். கடையில் 15 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக்கைக் காட்டினார்கள். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், சத்தமும் குறைவு. ஆசையாகத்தான் இருந்தது.

பக்கத்துப் படகு அண்ணன்தான், "ஏனுங் தம்பி, பின்பலகையத் தட்டிப் பாத்தீங்களா?" என்றார். மோட்டார் மாட்டும் அந்தப் பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டினேன். ஓரத்தில் டங்கென்று கேட்டது. மோட்டார் கிளாம்ப் கடிக்கிற இடத்தில் பொத்தென்று அமுங்கியது. துளை போட்டால் உள்ளிருந்த பிளைவுட் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்து வந்தது! பழைய மோட்டார் 27 கிலோ. புதியது 50-ஐத் தாண்டும். நடு அணையில் பலகையோடு பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

அழுகியதைச் சுரண்டி எடுத்து, மரைன் பிளைவுட் வைத்து, ரெசினும் ஃபைபர் மேட்டும் போட்டு ஒரு வாரம் காயவிட்டோம். அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடி வரை 15 அங்குலம். அப்படியென்றால் ஷார்ட் ஷாஃப்ட், அதாவது புரொபெல்லர் வரை இறங்கும் தண்டு குட்டையான மோட்டார்தான் பொருந்தும். 20 அங்குல லாங் ஷாஃப்ட் மாட்டினால் புரொபெல்லர் 5 அங்குலம் கூடுதலாக இறங்கும்; கோடையில் தண்ணீர் வற்றும்போது அடிக்கட்டைகளில் இடிக்கும்.

கடைசியில் 8 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக், ஷார்ட் ஷாஃப்ட்டே வாங்கினேன். ஏறக்குறைய 40 கிலோ. புரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிறது. பெட்ரோல் டேங்கை மட்டும் முன்பக்கம் நகர்த்தினேன், பின்பக்கம் தாழவில்லை.